என் கை போணியும் கோல்ஃப் புத்தகங்களும்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தார்ப்பாய் விரித்துப் பழைய புத்தகம் விற்கிறவர் ஒருவர் உண்டு. காலையில் அவர் கடையின் முதல் வியாபாரம், அதாவது போணி, என் கையால்தான் நடக்கும். வருஷக்கணக்காக அப்படித்தான். நடுவில் கொஞ்ச காலம் அது வேறொருத்தர் கைக்குப் போயிற்று. அப்போது எனக்கு வயிறு எரிந்தது இருக்கிறதே, அதை நான் வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை. இப்போது எழுதிப் பார்க்கிறேன். எனக்கு எழுத நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

நான் வாங்குவது கோல்ஃப் புத்தகம். கதைப் புத்தகம் இல்லை. கோலை எப்படிப் பிடிப்பது, காலை எங்கே வைப்பது, இடுப்பை எந்த மட்டும் திருப்புவது என்று சொல்லிக்கொடுக்கிற புத்தகம். அதுவும் பழசாக இருக்க வேண்டும். படத்தில் இருக்கிறவர் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு ஆடினால் அது எனக்கு. டீ ஷர்ட் போட்டிருந்தால் வேண்டாம். எனக்கு இங்கிலீஷ் வராது. தமிழே எழுத்துக்கூட்டித்தான். கோல்ஃப் என்று இங்கிலீஷில் எழுதுகிற நாலு எழுத்து மட்டும் தெரியும். அந்த நாலும் ஒரு புத்தகத்தின் முதுகில் அழிந்து, பூச்சி தின்று, ஒன்றரை எழுத்தாக நின்றாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

எதற்கு இந்தக் கிறுக்கு என்று என் மகன் இன்றைக்கும் கேட்கிறான். அவனுக்குத் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் வேலை. கேட்கிறவனுக்குத் தெரியாததா? அவன் வயிற்றில் இருந்தபோதும் நான் கோல்ஃப் மைதானத்தில்தான் குனிந்து கோரை பிடுங்கிக்கொண்டிருந்தேன். பம்மலுக்கு வாழ வந்த புதிதில் கிடைத்த வேலை அது. குழியைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கும், கிரீன் என்பார்கள். பாய் விரித்த மாதிரி இருக்க வேண்டும். ஒரு கோரை தலை தூக்கினால் மேஸ்திரி சத்தம் போடுவார். தூரத்திலிருந்து பந்து அடித்துவிட்டு ஆட்கள் கத்துவார்கள். நாங்கள் பெண்கள் எல்லாரும் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவோம். பந்து போன பிறகு கூடையை எடுத்துவிட்டுப் பார்ப்போம். அடித்தவர் கோலைத் தோளுக்கு மேலே வைத்தபடி சிலை மாதிரி நிற்பார். அந்த நிற்பு எனக்குப் பிடிக்கும். யாரிடமும் சொன்னதில்லை. கோரை பிடுங்குகிறவளுக்கு எது பிடித்தால் என்ன?

வேலையை விட்டுப் பல காலம் கழித்து, சந்தையில் பழைய அலுமினியக் குண்டான் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தார்ப்பாயில் ஒரு புத்தகம் திறந்து கிடந்தது. அதில் அதே நிற்பு. கோலைத் தோளுக்கு மேலே வைத்து, குதிகால் ஒன்று தூக்கி, தொப்பி போட்ட ஒரு மனிதர். கீழே வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள்: கோல் தரையில், கோல் முழங்காலில், கோல் தோளில். நான் குனிந்து குனிந்து துண்டு துண்டாகப் பார்த்ததெல்லாம் அங்கே முழுசாக இருந்தது. குண்டானை வைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரர் அப்போது இருந்தார். தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தவர். புத்தகத்தை வாங்கிப் படம் பார்க்காமல் அட்டையைத்தான் தடவிப் பார்த்தார். "ஆட்டுத் தோலு. லேசா எண்ணெய் காட்டு, இல்லாட்டி வெடிச்சிடும்" என்றார். அவ்வளவுதான். ஏன் வாங்கினாய் என்று கேட்கவில்லை.

அவர் போன பிறகு நடந்ததைச் சொன்னால்தான் போணி விஷயம் விளங்கும்.

காரியமெல்லாம் முடிந்து முதல் தடவை சந்தைக்குப் போனேன். காலை நேரம். வழக்கமாகக் காய் வாங்குகிற அம்மாவிடம் போய்க் கத்திரிக்காயில் கை வைத்தேன். அவள் என் நெற்றியைப் பார்த்தாள். பிறகு தராசைப் பார்த்தாள். "செத்த நில்லுக்கா. இன்னும் போணி ஆவல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, பாவம் போலத்தான் சொன்னாள். அதற்குப் பதில் அவள் கத்தியிருக்கலாம். நான் கையை எடுத்துக்கொண்டு புடவையில் துடைத்தேன், அழுக்கு ஒன்றும் இல்லை. அப்படியே நடந்து புத்தகக் கடைப் பக்கம் வந்தேன். அவர் அப்போதுதான் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு கோல்ஃப் புத்தகம் மேலேயே கிடந்தது. எடுக்கலாமா வேண்டாமா என்று நின்றேன்.

"இன்னாம்மா நிக்கிற? எடு. போணி பண்ணு" என்றார்.

"வேணாம்பா. உனக்கு ஆவுமா? நல்லா யோசிச்சுக்க."

"யோசிக்க இன்னா கீது? காசு காசுதானே. நீட்டு கைய."

கொடுத்தேன். நோட்டை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு தார்ப்பாய்க்கு அடியில் வைத்தார். அன்றைக்கு ஏதோ காலேஜுக்காரர்கள் வந்து டிக்ஷனரி அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனார்களாம். அடுத்த வெள்ளிக்கிழமை அவரே என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். காய்க்காரம்மாவுக்குக் கேட்கிற மாதிரி, "ராசிக் கை, வாம்மா" என்றார். நான் அவசரப்படாமல், காய்க் கடை வழியாகவே நடந்து போனேன்.

அதிலிருந்து அதுதான் வழக்கம். போணி என்னுடையது. போணி பண்ணுகிறவளுக்கு ஒரு பாத்தியதையும் உண்டு. கட்டி வந்த மூட்டையை என் முன்னால்தான் அவிழ்ப்பார். நான் பார்த்து, எடுத்து, வேண்டாததைத் தள்ளிய பிறகுதான் மற்றவர்கள் தொடலாம். அப்படிச் சேர்ந்தவைதான் என் வீட்டு ஷோகேஸில் இருப்பவை. மருமகள் கண்ணாடி டம்ளர் அடுக்கியிருந்த இடம். அவள் டம்ளர் இப்போது பரணில் இருக்கிறது.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, முட்டி வலி போகவில்லை. மாடிப்படி இறங்க முடியாமல் பல வெள்ளிக்கிழமை போயிற்று. முட்டி ஒரு வழியாகச் சொன்னபடி கேட்டபோது ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்தார். சந்தோஷமாகத்தான் எழுந்தார்.

"இன்னாம்மா, ஆளையே காணோம்? எளச்சிட்ட. டீ சொல்லட்டா?"

"டீ கெடக்கட்டும். மூட்டையை அவுரு."

அவர் தலையைச் சொறிந்தார். "செத்த குந்தும்மா. டீச்சரம்மா வந்துகினு கீறாங்க. வந்துடட்டும்."

எனக்குப் புரியவில்லை. "எந்த டீச்சர்?"

"தாம்பரத்துலேர்ந்து வராங்கம்மா. நீ வராத சமயத்துல அவங்கதான் போணி. சும்மா சொல்லக்கூடாது, பிச்சிக்கினு போவுது வியாபாரம். நடுவுல மாத்த பயமா கீது. நீ தப்பா நெனச்சுக்காத."

செத்த நில்லு, செத்த குந்து. ஆள்தான் வேறு. நான் உட்காரவில்லை. முட்டி வலித்தாலும் நின்றேன்.

அந்த அம்மாள் வந்தார். என் வயதுதான் இருக்கும். வெள்ளை முடி, கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் குடை. ஏதோ ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டயரானவராம். அவர் நெற்றியும் வெறும் நெற்றிதான். ஆனால் அது அவர்கள் வழக்கம். யாரும் அதைப் பார்த்துவிட்டுத் தராசைப் பார்ப்பதில்லை. எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

"குட் மார்னிங்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு ஒரு நோட்டை நீட்டினார். ஒரு புத்தகத்தையும் எடுக்கவில்லை, முதலில் நோட்டு. கடைக்காரர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் நோட்டை ஒற்றியதைவிட நேரம் கூட எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு மூட்டை அவிழ்ந்தது. அந்த அம்மாள் குனிந்து தேடினார். என்ன தேடுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். எங்கோ அடியிலிருந்து உருவி எடுத்ததில் அந்த நாலு எழுத்து இருந்தது.

போணி போனது ஒரு அடி. அவரும் கோல்ஃப் புத்தகம்தான் சேர்க்கிறார் என்பது அடுத்த அடி. சந்தையில் எத்தனை சாமான் இருக்கிறது. சமையல் புத்தகம் சேர்க்கக் கூடாதா?

கடைக்காரர் வேறு நடுவில் புகுந்து, "டீச்சரம்மா, இந்தம்மாவும் உங்க மாதிரியேதான். கோல்ஃப்தான் வாங்குவாங்க" என்றார்.

உங்க மாதிரியே. நான்தானே முதலில்?

"ரியலி? ரொம்ப சந்தோஷம்மா" என்றார் அந்த அம்மாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டார், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. "எங்க அப்பா கிளப்ல கிளார்க்கா இருந்தார். மெம்பர்ஸ் வேணாம்னு போடற புக்ஸ வீட்டுக்கு எடுத்துட்டு வருவார். நான் இங்கிலீஷ் கத்துக்கிட்டதே இதுலதான். நீங்க எப்படி?"

"நான் அங்க வேலை பார்த்தேன்" என்றேன். என்ன வேலை என்று சொல்லவில்லை. அவர் அப்பா ஃபேனுக்குக் கீழே. நான் கூடைக்குக் கீழே.

அவர் வாங்கியது கையளவுப் புத்தகம். ஓரத்தில் எல்லாம் படம். ஒவ்வொரு பக்கத்திலும் அதே மனிதர், ஒவ்வொன்றிலும் கோல் கொஞ்சம் நகர்ந்திருந்தது. அந்த அம்மாள் கட்டை விரலால் ஓரத்தைச் சர்ரென்று விட்டார். படத்திலிருந்த மனிதர் கோலைத் தூக்கி, இடுப்பைத் திருப்பி, அடித்து, தோளுக்கு மேலே வைத்து நின்றார். அசைந்தார். நான் கண்ணால் பார்த்தேன். மறுபடி விட்டார். மறுபடி அடித்தார்.

"நீங்க ஒரு தடவை பண்ணுங்களேன்" என்று என்னிடம் நீட்டினார்.

வாங்கியிருக்கலாம். என் விரல் அதற்குத் துடித்தது. "கண்ணாடி எடுத்துட்டு வரல" என்று சொல்லிவிட்டேன். கண்ணாடி இடுப்பில் செருகியிருந்தது. அவர் பார்த்தாரா தெரியாது. "அப்ப நான் படிச்சுக் காட்டட்டுமா?" என்று ஆரம்பித்து ரெண்டு வரி இங்கிலீஷில் படித்து, தமிழிலும் சொன்னார். தலை ஆடக்கூடாதாம், கண் பந்தை விட்டு எடுக்கக் கூடாதாம். படத்தைப் பார்த்தாலே தெரிகிறதை எதற்கு இரண்டு பாஷையில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஆனாலும் அந்தக் குரல் நன்றாகத்தான் இருந்தது. என் ஷோகேஸில் இருக்கும் புத்தகம் ஒன்றுகூட இதுவரை என்னிடம் வாய் திறந்ததில்லை. அவர் வீட்டில் எல்லாம் பேசும். அந்த நினைப்பு ஷேர் ஆட்டோவில் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகப் போனேன். கடைக்காரர் மூட்டையைக்கூட இறக்கவில்லை. நோட்டை நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கோச்சுக்காதம்மா. அவங்க வந்துடட்டும். அப்பறம் மொத ஆளு நீதான்."

"அப்பறம் மொத ஆளுன்னா இன்னாப்பா கணக்கு? ரெண்டாவது ஆளுன்னு சொல்லு."

அன்றைக்கு அவர்தானே, யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டவர்? இப்போது யோசிக்கிறார். என் கையை முதன்முதலில் கை என்று மதித்த மனிதர், அதே கையைக் கண்டு பயப்படுகிறார். புத்தகம் போனால் போகட்டும். இந்தச் சந்தையில் நான் மறுபடியும் ஓரமாக நிற்கிறவளாகிவிட்டேன் என்பதுதான் தாங்கவில்லை. காய்க்காரம்மா அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பினேன். எதிர்க் கடையில் பழைய பித்தளை, இரும்பு, பூட்டு எல்லாம் விற்கிறவர் கடை பரப்பிக்கொண்டிருந்தார். வாயாடி. அவரிடம் போய், கையில் முதலில் அகப்பட்ட பூட்டை எடுத்தேன்.

"யம்மா, அதுக்குச் சாவி இல்ல" என்றார்.

"தெரியும். உனக்குப் போணி ஆயிடுச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப புடி."

அவர் என்னைப் பார்த்தார், எதிரே புத்தகக் கடைக்காரரைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், எதிரே இருக்கிறவருக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி. நான் வீட்டுக்குப் போகாமல் டீக்கடை நிழலில் உட்கார்ந்துகொண்டேன். என்ன நடக்கிறது பார்க்கலாம் என்று.

நடந்தது. வெயில் ஏறும்போது ஒரு வேன் வந்து நின்றது. சினிமா ஷூட்டிங்குக்குச் சாமான் எடுக்கிறவர்களாம். அரண்மனை மாதிரி ஏதோ செட் போடுகிறார்களாம். பித்தளைக் கடையில் அண்டா, குத்துவிளக்கு, கொம்பு வைத்த ரெக்கார்டுப் பெட்டி, துருப்பிடித்த தராசு வரைக்கும் வாரி வேனில் ஏற்றினார்கள். எதிரே புத்தகக் கடையில் டீச்சரம்மா போணி பண்ணிவிட்டுப் போனபிறகு ஒரு ஈ உட்காரவில்லை. ஒருவர் வந்து விலை கேட்டார், அவரும் செல்போன் அடித்ததும் எழுந்து போய்விட்டார். புத்தகக் கடைக்காரர் காலி ஆகிக்கொண்டிருந்த எதிர்க் கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டாவது டீ சொன்னேன். அந்த டீ மாதிரி ஒரு டீ நான் குடித்ததில்லை.

அடுத்த வாரம் நான் வேண்டுமென்றே நேரம் கழித்துத்தான் போனேன். தூரத்திலேயே எதிர்க் கடைக்காரர் குரல் கேட்டது.

"பூட்டு அம்மா, வா வா. உனக்குன்னு பெரிய பூட்டா எடுத்து வெச்சிகீறேன். இதுக்கும் சாவி இல்ல."

புத்தகக் கடைக்காரர் குறுக்கே வந்து நின்றார். "யோவ், அவங்க என் போணி. பேஜார் பண்ணாத."

"போன வாரம் இன்னா, தூங்கினியா?"

"யம்மா, நீ இங்க வா. தப்பு என்னுதுதான். மூட்ட அப்படியே கீது பாரு, முடிச்சுகூட அவுக்கல."

இரண்டு பேரும் என் கையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் யார் பக்கமும் போகாமல் கொஞ்ச நேரம் நடுவில் நின்றேன். நிற்பதில் அப்படியொரு சுகம் உண்டென்று அன்றுதான் தெரிந்தது. காய்க் கடையில் இருந்தும் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் கவனித்தேன், டீச்சரம்மா ஏற்கெனவே வந்து மூட்டைக்குப் பக்கத்தில் குடையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். எனக்கு முன்னால் வந்தவர். அவரிடம் போணி வாங்காமல் கடைக்காரர் எனக்காகக் காத்திருக்கிறார். ஒரு சண்டைக்கு நான் தயாராகிவிட்டேன். சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.

"டீச்சரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இவங்க பழைய போணி..." என்று கடைக்காரர் இழுத்தார்.

"நோ, நோ. அவங்களே பண்ணட்டும்" என்றார் அவர். "எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கையே இல்லப்பா. நீ கேட்டன்னு குடுத்தேன். எட்டு மணி டிரெய்ன்ல வந்தா வெயிலுக்கு முன்னாடி திரும்பிடலாம், அதுக்குத்தான் சீக்கிரம் வரேன்." என்னைப் பார்த்துச் சிரித்து ஓரமாக நகர்ந்துகொண்டார்.

அவ்வளவுதான். சண்டை இல்லை, ஒரு முகச்சுளிப்பு இல்லை. நான் தூக்கத்தை விட்டு, முட்டியை விட்டு, சாவியில்லாத பூட்டு வாங்கி மீட்டதை, அவர் பஸ்ஸில் சீட்டு விட்டுக்கொடுக்கிற மாதிரி விட்டுக்கொடுத்துவிட்டார். அவரிடம் யாரும் செத்த நில்லு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருந்தால் இவ்வளவு சுலபமாக நகர வராது. புத்தகத்தைப் படிப்பதற்காகப் பொறாமைப்பட்டேன், கையளவுப் புத்தகத்துக்காகப் பொறாமைப்பட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லை. அந்த நகர்தலைப் பார்த்து வந்த பொறாமை இன்னும் ஆறவில்லை.

நோட்டை நீட்டினேன். கடைக்காரர் ஒற்றிக்கொண்டார். எதிர்க் கடைக்காரர், "அப்பறமா இங்க ஒரு போணி" என்றார். ஒரே கையில் இரண்டு ராசி நிற்காது என்று சொல்லிவிட்டேன். அவர் அன்று முழுக்க உர்ரென்று இருந்தார்.

மூட்டை அவிழ்ந்தது. நான் ஒவ்வொன்றாக எடுத்தேன். கணக்குப் புத்தகத்தையும் விரித்துப் பார்த்தேன், ஜோசியப் புத்தகத்தையும் விரித்துப் பார்த்தேன். டீச்சரம்மா குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். வெயில் ஏறியது. பாதி மூட்டையில் அந்த நாலெழுத்து வந்தது. பச்சைத் துணி அட்டை, உள்ளே தரை பெருக்குகிற பாவாடையும் தொப்பியும் போட்ட வெள்ளைக்காரப் பெண்கள். அவர்கள் கோலைப் பிடித்து நிற்கிறார்கள், ஒருத்தியும் குனிந்து கோரை பிடுங்கவில்லை. அப்படியொரு புத்தகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. டீச்சரம்மாவும் பார்த்ததில்லை போலிருக்கிறது, குடையோடு குனிந்துவிட்டார்.

"அம்மா, கொஞ்சம் காட்டுங்களேன்."

"பார்த்துட்டுத் தரேன் டீச்சர்."

"நீங்க பாத்தீங்கல்ல, அந்தக் கைப் புத்தகம்? அதை நீங்க வெச்சுக்குங்க. இதை எனக்குக் குடுத்துடுங்க. எக்ஸ்சேஞ்ச்."

கட்டை விரலை முந்தானைக்குள் மடக்கிக்கொண்டேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் அந்தக் கைப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறார். எனக்காக ஓரமாக நிற்கிறார். நான் நோட்டை நீட்டும்போது, "யோசிச்சீங்களாம்மா?" என்று கேட்கிறார். கடைக்காரர் அந்த நோட்டை ஒரு கண்ணில் ஒற்றி, இன்னொரு கண்ணிலும் ஒற்றி, தார்ப்பாய்க்கு அடியில் வைத்து முடிக்கும் வரைக்கும் நான் பதில் சொல்வதில்லை.